பழைய சீமெந்துத் தொட்டி: இடிப்பதா? திருத்துவதா?

வீட்டு வளவில் நீச்சல் தடாகம் அமைத்துக்கொள்ளும் வசதி படைத்தோர் நம்மவரிடையே விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஆனால், சீமெந்துத் தொட்டியொன்றேனும் இல்லாத வளவைக் காண்பது அரிது. குளிப்பதற்கும் உடுப்புத் தோய்ப்பதற்குமெனக் கிணற்றடியில் கட்டப்பட்ட தொட்டி, குழாய்நீரைச் சேமிக்க நிலத்தினுள் அமைக்கப்பட்ட தாங்கி, கூரைநீரைச் சேகரிக்கும் மழைநீர்த் தாங்கி, பள்ளிவாசல்களில் வுழூ செய்வதற்கான ஹவுழ் என அவை பல வகைப்படும். பொறியியல் நோக்கில் இவற்றுக்கும் நீச்சல் தடாகத்துக்கும் இடையே அடிப்படை வேறுபாடு எதுவுமில்லை. நீரின் தள்ளுவிசையைத் தாங்கி நிற்கும் ஒரு சுவரும், அச்சுவரினுள் நீர் புகாது காக்கும் ஓர் உட்பூச்சுமே இவையனைத்தும். எனவே, மேலைநாடுகளில் வீட்டுக்காரர் தமது தடாகத்தைத் தாமே செப்பனிட்டு மறுபூச்சுப் பூசிக்கொள்ளக் கையாளும் முறைகள் நமது தொட்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவனவே.

இதனை இப்போது எழுத நேர்ந்தமைக்குக் காரணமுண்டு. நமது தொட்டிகளுக்கு வயதாகிவிட்டது. 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கி, 1990 இல் யுத்தத்தினால் மூடப்படும் வரையான நான்கு தசாப்த காலத்தில் கட்டப்பட்ட தொட்டிகள் பல வடபகுதியில் இன்றும் பாவனையில் உள்ளன. சமூக நீர்வழங்கல், துப்புரவேற்பாட்டுத் திட்டத்தின் கீழ் 1995 இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் அறிமுகப்படுத்தப்பட்ட 5,000 லீற்றர் கொள்ளளவுடைய பூசணிக்காய் வடிவ மழைநீர்த் தாங்கிகளின் முதல் தலைமுறைக்கு முப்பது வயது கடந்துவிட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்கிலும் தெற்கிலும், 2009 இன் பின்னர் வன்னியிலும் வீட்டுத்திட்டங்களோடு கட்டப்பட்ட தாங்கிகளும் கசியத் தொடங்கும் பருவத்தை எட்டியுள்ளன. மறுபுறத்தில், 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்த சீமெந்து விலை, பழையதை இடித்துப் புதியது கட்டும் எண்ணத்தைப் பல குடும்பங்களிடமிருந்து பறித்துவிட்டது. கசியும் தொட்டியை அப்படியே விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் தாங்கியொன்றை வாங்கி அருகில் வைப்போரும் உளர். கைவிடப்பட்ட தொட்டியோ மழைநீர் தேங்கி நுளம்புப் பண்ணையாகின்றது. அல்லது ஒருநாள் சரிந்து விழுகின்றது.

இரும்புக் கம்பி வலையின் மேல் சீமெந்துச் சாந்தைப் பூசும் யோசனைக்கு 1867 இல் காப்புரிமை பெற்ற ஜோசப் மொனியே பொறியியலாளர் அல்லர். பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரர். செடிகள் வளர்க்கும் தொட்டிகள் உடைந்துபோகாதிருக்கவே அவர் இவ்வழியைக் கண்டார். இன்று வானளாவ நிற்கும் கொங்கிரீட் கட்டடங்களின் முன்னோடிகளுள் ஒன்று ஒரு தோட்டத் தொட்டி என்பது சுவையான செய்திதான். கம்பியும் சீமெந்தும் சேர்ந்தால் பலம் என்பதை அவர் கண்டார். அக்கம்பிக்குத் தண்ணீர் எட்டினால் அதுவே பலவீனம் என்பதைப் பின்வந்தோர் அனுபவத்தால் அறிந்தனர்.

தொட்டி ஏன் பழுதடைகின்றது?

புதிய சீமெந்து கடுங்காரத் தன்மையுடையது. அக்காரம் உள்ளிருக்கும் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலமொன்றை உருவாக்கிக் கறள் பிடியாது காக்கின்றது. ஆண்டுகள் செல்லச் செல்ல வளியிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உட்புகுந்து இந்தக் காரத்தைத் தணிக்கின்றது. கரையோரத்தில் இன்னொரு பகைவனும் உண்டு. அதுதான் உப்பு. கழுவாத கடல் மணலில் குழைத்த சாந்தும், உவர்க் கிணற்று நீரில் குழைத்த சாந்தும் கட்டிய அன்றே கம்பிக்கு நஞ்சூட்டப்பட்டதற்குச் சமம். கறளானது இரும்பைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதனால் அது சாந்தை உள்ளிருந்து நெம்பிப் பிளக்கின்றது. சுவரில் கம்பியின் போக்கிலேயே நேர்கோடாக வெடிப்பு ஓடி, அதன் வழியே செம்பழுப்பு நீர் வடிந்தால், நோய் இதுவே எனலாம்.

கம்பியே இல்லாத செங்கல் அல்லது சீமெந்துக் கல் தொட்டிகளின் நோய் வேறு. அத்திவாரம் ஒருபுறம் இறங்குதல், அருகிலுள்ள அரசு, ஆல், வேம்பு முதலியவற்றின் வேர் நெம்புதல், பூச்சு உலரும்போது சுருங்குதல் ஆகியவை இங்கு முதன்மைக் காரணங்கள். மழைநீர்த் தாங்கிகளில் இன்னுமொரு நுட்பமான காரணம் உண்டு. மழைநீர் மென்னீர், சற்றே அமிலத் தன்மையும் உடையது. யாழ். குடாநாட்டுக் கிணற்று நீரைப் போன்று அதில் சுண்ணாம்பு கரைந்திருப்பதில்லை. எனவே அது பூச்சிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்தெடுத்துக்கொண்டேயிருக்கும். உட்சுவரைத் தடவும்போது மணல் கையோடு வருவதும், வெளிச்சுவரில் வெள்ளைப் படிவு பூப்பதும் இதன் அறிகுறிகள். கடின நீர் நிற்கும் கிணற்றடித் தொட்டியில் இதற்கு நேர்மாறாகச் சுண்ணாம்பு படிந்து மயிரிழை வெடிப்புகளைத் தானே அடைத்துவிடுவதும் உண்டு. 0.2 மில்லிமீற்றருக்குக் குறைந்த வெடிப்புகள் நீர் நிறைந்திருக்கையில் பெரும்பாலும் தாமாகவே அடைபட்டுவிடுகின்றன. ஒவ்வொரு கீறலையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தொடக்கூடாதவை

எல்லாத் தொட்டியையும் வீட்டுக்காரர் தாமே திருத்த முற்படுவது தகாது. ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் நிற்கும் சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் அந்நீர் ஏறத்தாழ அரைத் தொன் விசையுடன் வெளியே தள்ளுகின்றது. நீரின் உயரம் இரண்டு மீற்றரானால் அவ்விசை இரண்டு தொன்னாகும். உயரம் இரு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு என்பதே இங்குள்ள கணக்கு. 'இன்னும் இரண்டு வரிசைக் கல் வைத்து உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் பிடிக்கலாம்' என்று பழைய தொட்டியின் மேல் கட்டுவது எத்துணை ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். 2023 நவம்பரில் வெல்லம்பிட்டியிலுள்ள பாடசாலையொன்றில் குடிநீர்க் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்த சுவர் இடிந்து விழுந்து முதலாந்தர மாணவியொருவர் உயிரிழந்ததுடன், மேலும் சில மாணவர்கள் காயமடைந்தனர். நீரருகே உள்ள பழைய சுவரைப் பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் இடமாகவே நாம் கருதி வந்துள்ளோம்.

ஆகவே, தூண்களின் மேல் உயர்த்தப்பட்ட தாங்கியில் கம்பி வெளித்தெரிதல், சுவர் வெளிப்புறமாக வயிறு தள்ளி நிற்றல், மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரே வெடிப்பாகப் பிளந்திருத்தல், நாணயம் நுழையுமளவுக்கு வெடிப்பு அகன்றிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் நீரை வெளியேற்றிவிட்டு, பிள்ளைகளை அப்பால் வைத்து, பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடமோ தகுதிவாய்ந்த பொறியியலாளரிடமோ காட்டுவதே முறை. மேற்பூச்சு அத்தகைய நோய்க்கு மருந்தாகாது; நோயை மறைக்கும் திரை மட்டுமே.

வெடிப்பு உயிருள்ளதா, உறங்குவதா என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதியை எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் அத்திவாரம் இன்னும் அசைகின்றது என்பது பொருள். அதற்குச் சீமெந்து அடைப்பது வீண்வேலை.

கசிவைக் கண்டறிதல்

தண்ணீர் குறைவதெல்லாம் கசிவன்று. திறந்த தொட்டியில் உலர்வலயத்தின் வெயிலுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவில் நீர் ஆவியாகிப் போகும். தடாகக்காரர்கள் இதைப் பிரித்தறிய எளிய வழியொன்றைக் கையாளுகின்றனர். வாளியொன்றில் நீர் நிரப்பி, அதனைத் தொட்டியினுள்ளே கல்லொன்றின் மேல், வாளியின் நீர்மட்டமும் தொட்டியின் நீர்மட்டமும் ஏறக்குறைய ஒன்றாயிருக்குமாறு வைத்து, இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் முழுவதும் எவரும் நீர் எடுக்காதிருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு குறைந்திருப்பின் குற்றவாளி சூரியன்; தொட்டி நீர் மட்டும் கூடுதலாகக் குறைந்திருப்பின் கசிவு.

கசிவு உறுதியானால், தொட்டியைத் தானாகவே வடிய விடுவது நல்லது. நீர் எந்த மட்டத்தில் வந்து நின்றுவிடுகின்றதோ, வெடிப்பின் அடிப்பகுதி அந்த மட்டத்திலேதான் உள்ளது. முற்றாக வடிந்துவிட்டால் தரையிலோ, தரையும் சுவரும் சந்திக்கும் மூலையிலோ, வெளிச்செல்லும் குழாயின் கழுத்திலோ தேட வேண்டும். நமது தொட்டிகளில் கசிவு மிகக் கூடுதலாக ஏற்படும் இடங்கள் பின்னைய இரண்டுமே. சுவர் கட்டிய பின் துளையிட்டுச் செருகிய பி.வி.சி. குழாயின் வழுவழுப்பான மேற்பரப்பில் சீமெந்து பற்றிக்கொள்வதில்லை என்பது இதற்குக் காரணம்.

இரண்டு மீற்றர் நீளமும் அகலமும் கொண்ட தொட்டியில் நாளொன்றுக்கு மூன்று சென்ரிமீற்றர் குறைந்தால் 120 லீற்றர் நீர் நிலத்துக்குப் போகின்றது. மாதத்துக்கு 3,600 லீற்றர். நீர் வழங்கல் சபையின் கணக்கில் மூன்றரை அலகுக்கு மேல். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மானிவாசிப்பாளரை ஏசுபவர்கள் முதலில் தமது நிலத்தடித் தாங்கியைப் பார்ப்பது நன்று.

காலமறிந்து வெறுமையாக்கல்

நிலத்தினுள் புதைந்த தாங்கியையோ தடாகத்தையோ மாரியில் வெறுமையாக்கலாகாது. வெறுமையான தாங்கி ஒரு தோணிக்கு ஒப்பானது. இரண்டு மீற்றர் நீள அகலமும் ஒன்றரை மீற்றர் ஆழமும் கொண்ட தாங்கியைச் சுற்றி நிலத்தடி நீர் மேல்மட்டம் வரை ஏறிவிட்டால், அது தாங்கியை 6 தொன் விசையுடன் மேலே உந்தும். பத்துச் சென்ரிமீற்றர் தடிப்பில் கட்டப்பட்ட அத்தாங்கியின் எடையோ கொங்கிரீட் மூடியையும் சேர்த்து 5 தொன்னை எட்டாது. தாங்கி மிதந்தெழுந்து, குழாய்களை முறித்து, கோணலாகி நிற்கும். பின்னர் அதனைத் திருத்த வழியில்லை. வடக்கு கிழக்கில் மே முதல் செப்ரெம்பர் வரையும், மேற்கு, தெற்குக் கரையோரங்களில் ஜனவரி முதல் மார்ச் வரையும் இவ்வேலைக்கு உகந்த காலம். அப்போதும், அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டம் தாங்கியின் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கியுள்ளதா எனப் பார்த்துவிட்டே இறைக்கத் தொடங்க வேண்டும்.

உள்ளே இறங்குவது குறித்துச் சற்று அழுத்திக் கூற வேண்டியுள்ளது. கிணறோ தாங்கியோ துப்புரவாக்க இறங்கி உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் நமது பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வெளிவருவன. முதலில் ஒருவர் இறங்கி மயங்குவார், அவரைத் தூக்கச் சகோதரனோ அயலவரோ இறங்குவார், இருவரும் மீளார். பெற்றோலில் அல்லது மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை உள்ளே இறக்கி ஓடவிடுவதே இத்தகைய மரணங்களுக்குப் பெருங்காரணம். அதிலிருந்து வெளியேறும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் நமது பழைய வழக்கம் ஒட்சிசன் குறைவை மட்டுமே காட்டும். இந்த வாயு உயிர்கொல்லும் அளவில் இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். எனவே, இயந்திரம் எப்போதும் வெளியே, காற்று வீசும் திசைக்கு அப்பால் இருக்க வேண்டும். மின்பம்பியாயின் ஆள் இறங்கு முன் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மூடிகள் யாவற்றையும் ஒருநாள் முன்னதாகவே திறந்து வைத்து, இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே குறைந்தது இருவர் நின்றவண்ணமே வேலை நடைபெற வேண்டும். பாசியைப் போக்கவென அமிலத்தை உள்ளே ஊற்றுவது வேண்டாத வேலை. அமிலமும் வெளிற்றும் தூளும் ஒன்றுசேர்ந்தால் வெளிவருவது குளோரின் வாயு. தும்புத்தடியும் கம்பித் தூரிகையும் போதுமானவை.

திருத்தும் முறை

பூச்சு நிலைப்பதும் உரிந்து விழுவதும் பூசுபவரின் கைத்திறனைவிட, பூசுவதற்கு முன் செய்யும் துப்புரவிலேயே கூடுதலாகத் தங்கியுள்ளது. சிறு சுத்தியலால் சுவர் முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். 'டக்' என்ற இறுகிய ஓசை வருமிடம் நல்லது. வெற்றுப் பானையைத் தட்டியது போன்ற ஓசை வருமிடத்தில் பழைய பூச்சு சுவரைவிட்டு விலகிவிட்டது. அவ்விடத்தை வட்டமிட்டு, உளியால் கொத்தி, உறுதியான பகுதி வரும்வரை அகற்றிவிட வேண்டும். எஞ்சிய நல்ல பூச்சையும் சொரசொரப்பாகும்வரை கொத்திவிடல் வேண்டும். வழுவழுப்பான பழைய பூச்சின் மேல் புதுப்பூச்சு பூசுவது கண்ணாடியில் சோறு ஒட்டுவது போன்றதே. காய்ந்தால் விழுந்துவிடும்.

வெடிப்பை விரலால் சாந்து தேய்த்து மூடுவது பெரும்பாலோர் வழக்கம். அது ஒரு பருவத்துக்கேனும் நில்லாது. வெடிப்பின் நீளம் முழுவதும் ஓரங்குல அகலம், ஓரங்குல ஆழத்துக்கு வெட்ட வேண்டும். வெட்டின் வாய் ஒடுங்கியும் உட்புறம் சற்று அகன்றும் இருந்தால் அடைப்பு வெளியே தள்ளுண்டு வராது. நீர் பொசிந்துகொண்டிருக்கும் வெடிப்பாயின், மூன்று நான்கு நிமிடங்களிலேயே இறுகிவிடும் விரைவுச் சீமெந்து ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கின்றது. உள்ளங்கையளவு மட்டும் குழைத்து, சூடேறத் தொடங்கும்போது அழுத்திப் பிடிக்க வேண்டும். கையுறை கட்டாயம் தேவை. சீமெந்துச் சேறு தோலை அரித்துப் புண்ணாக்கும் என்பதை மேசன்மாரின் விரல்களைப் பார்த்தவர் அறிவர்.

கறள் பிடித்த கம்பி வெளிப்பட்டால் அதன் பின்புறம்வரை கொத்தி, கறளை முற்றாகச் சுரண்டிய பின், கறள் தடுப்புப் பூச்சு பூச வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருப்பின் மேலே கூறிய 'தொடக்கூடாதவை' பட்டியலில் அத்தொட்டியும் சேர்ந்துவிடுகின்றது.

இனிச் சாந்து. அரித்துக் கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு, சீமெந்து ஒரு பங்கு. ஒரு தாச்சிக்கு மூன்று தாச்சி என்று அளந்து போட வேண்டுமேயன்றி, சவளால் உத்தேசமாக அள்ளிப் போடக்கூடாது. 50 கிலோ மூடையொன்றுக்கு 22 லீற்றர் நீருக்கு மேல் வேண்டியதில்லை. மணல் ஈரமாயிருந்தால் அதனினும் குறைவு. வேலை இலகுவாகட்டும் என்று ஊற்றும் கூடுதல் வாளி நீர், பின்னர் ஆவியாகிப் போகும்போது பூச்சினுள் எண்ணற்ற நுண்துளைகளை விட்டுச் செல்லும். தொட்டி கசிவது அத்துளைகளினூடாகவே. கலவை இறுகினால் மறுபடி நீர்விட்டுக் குழைப்பதும் தவறு. வெயிலில் அரை மணி நேரத்துக்குள் முடியுமளவே குழைக்க வேண்டும். இரண்டு மீற்றர் நீள அகலமும் ஒன்றரை மீற்றர் உயரமுமான தொட்டியின் உட்பரப்பு முழுவதற்கும் நான்கு மூடை சீமெந்தும் பன்னிரண்டு கன அடி மணலும் போதும்.

சுவரை முதல்நாள் மாலை நன்கு நனைத்து, மறுநாள் காலை மேற்பரப்பில் நீர் மின்னாத, ஆனால் உள்ளே ஈரம் ஊறிய நிலையில் வேலையைத் தொடங்க வேண்டும். சீமெந்தையும் எஸ்.பி.ஆர். எனக் கடைகளில் விற்கப்படும் பால் போன்ற திரவத்தையும் குழைத்துத் தூரிகையால் பூசி, அது காயுமுன்பே சாந்தை அழுத்தி எறிந்து பூச வேண்டும். முந்திக் காய்ந்துவிட்டால் அதுவே ஒட்டவிடாத படலமாகிவிடும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசாமல், பத்து மில்லிமீற்றர் அளவில் இரு பூச்சுகள். முதற்பூச்சைக் கீறிச் சொரசொரப்பாக்கி, மறுநாள் இரண்டாவது. தரையும் சுவரும் சந்திக்கும் மூலைகளைச் செங்கோணமாக விடாது, இரண்டங்குலம் சரிவாக நிரப்பி வளைத்துவிட வேண்டும். கசிவும் அழுக்கும் கூடும் இடம் அதுவே. குழாயின் கழுத்தைச் சுற்றிக் கொத்தி, குழாயின் மேற்பரப்பை அரத்தாளால் உரசி, விரைவுச் சீமெந்தால் அடைப்பது நலம்.

இதன் பின்னரே பலரும் கைவிட்டுவிடும் பகுதி வருகின்றது. பூச்சு காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வேதியியல் முறையில் சேர்வதால் இறுகுகின்றது. ஆகவே குறைந்தது ஏழு நாட்கள், இயன்றால் பதினான்கு நாட்கள், நனைத்த சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் நாளுக்கு மூன்று தடவை தண்ணீர் தெளித்தாலும் போதாது. மேசனுக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்ட பின்னர் இதைச் செய்ய ஆளில்லாமற்போவதே நமது புதிய பூச்சுகளில் வலைபோல் வெடிப்பு ஓடுவதற்குக் காரணம். வீட்டுக்காரர் தாமே திருத்தும்போது கிட்டும் பெரும் அனுகூலம் கூலி மீதமன்று. இந்த இரண்டு வாரக் கவனிப்பேயாகும்.

நீர்புகாத் தூரிகைப்பூச்சு வகைகள் இன்று பல விற்பனையாகின்றன. தூளும் திரவமும் தனித்தனியாக வந்து கலக்கப்படும் சீமெந்து வகையே தொட்டிக்கு ஏற்றது. முதல் பூச்சைக் குறுக்காகவும் இரண்டாவதை நெடுக்காகவும் பூச வேண்டும். குடிநீர்த் தாங்கியாயின், குடிநீருக்கு உகந்தது எனப் பொதியில் தெளிவாக எழுதப்பட்டிருந்தாலன்றி வாங்கலாகாது. கூரைக்குப் பூசும் தாரையும் எனாமல் மையையும் தொட்டியினுள் பூசும் வழக்கம் சில இடங்களில் காணப்படுகின்றது. அது அறவே ஆகாது.

பூசணிக்காய் வடிவத் தாங்கியின் சுவர் ஒன்றிரண்டு அங்குலத் தடிப்புக்கு மேற்படாததால் அதில் ஆழமாக வெட்டக்கூடாது. கசியுமிடத்தைச் சுற்றி ஒரு முழ அளவுக்குப் பழைய உட்பூச்சை மட்டும் சுரண்டி, கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலைத்துண்டொன்றைப் பதித்து, ஒன்றுக்கு இரண்டு என்ற செறிந்த கலவையில் பூச வேண்டும்.

ஹவுழும் கேணியும்

பள்ளிவாசல் ஹவுழ்களில் பெரும்பாலும் மாபிள் அல்லது ஓடு பதிக்கப்பட்டுள்ளது. ஓடு நீரைத் தடுக்காது. அதன் பின்னாலுள்ள பூச்சே தடுக்கின்றது. ஓடுகளுக்கு இடையே வெள்ளைச் சீமெந்து பூசுவதால் கசிவு நின்றுவிடும் என எதிர்பார்ப்பது பயனற்றது. தட்டிப் பார்த்து, வெற்றோசை எழும் ஓடுகளைப் பெயர்த்து, மேற்கூறியவாறு பூச்சைத் திருத்திய பின்னரே மீளப் பதிக்க வேண்டும். ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு குல்லத் அளவுக்குக் குறையாத நீர் ஹவுழில் நிற்பது முக்கிய விடயமாகக் கருதப்படுவதனால், இரவோடிரவாக மட்டம் இறங்கும் ஹவுழ் வெறும் நீர்விரயம் மட்டுமன்று என்பதை நிர்வாகசபையினர் அறிவர். ஹவுழைப் பகுதி பகுதியாகத் திருத்த முடியாது. இரண்டு மூன்று வாரங்களுக்குக் குழாய்வழி மாற்றேற்பாடு செய்துகொண்டு, நோன்பு காலத்துக்கு வெகு முன்னதாகவே தொடங்குவது உசிதம்.

ஆலயக் கேணிகளின் நிலை வேறு. கற்களின் இடைவெளியினூடாக நிலத்தடி நீர் ஊறிவரவே அவை அவ்வாறு கட்டப்பட்டன. புனருத்தாரணம் என்ற பெயரில் உட்சுவர் முழுவதற்கும் சீமெந்து பூசினால் ஊற்று அடைபட்டுப்போவதுடன், பின்னால் தேங்கும் நீர் மாரியில் சுவரையே உள்ளே தள்ளிவிடும்.

நிரப்புதல்

ஈரங்காத்தல் முடிந்த பின், ஒரே நாளில் நிரப்பாது மூன்றிலொரு பங்காக மூன்று நாட்களில் நிரப்பி, ஒவ்வொரு நாளும் வெளிச்சுவரைப் பார்வையிட வேண்டும். முதலில் நிரப்பிய நீர் காரமேறி வழுவழுப்பாயிருக்கும். அது குடிப்பதற்கோ வுழூவுக்கோ உதவாது. ஓரிரு நாட்கள் விட்டு வெளியேற்றி, மீண்டும் நிரப்பி வெளியேற்றுவது நல்லது. பின்னர் குடிநீர்த் தாங்கியில் ஒவ்வொரு 1,000 லீற்றருக்கும் 170 கிராம் வெளிற்றும் தூளை (30 சதவீதக் குளோரின் உள்ளதாயின்) வாளியில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, ஒருநாள் முழுதும் விட்டு அகற்ற வேண்டும். அந்நீரைக் கிணற்றருகிலோ பயிருக்கோ விடலாகாது. தூள் பழையதாயின் வலு குறைந்திருக்கும். இது குறித்துப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்துகொள்ளலாம். வெள்ளநீர் புகுந்த தாங்கிகளுக்கும் இதே அளவே உரியது.

டெங்கு நுளம்பு தனது முட்டைகளை நீரில் இடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டுகின்றது. அம்முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, நீர் தொட்டவுடன் பொரிக்கும். எனவே தொட்டியை வெறுமனே வெறுமையாக்கி மீள நிரப்புவதால் பயனில்லை. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உவர்நீரில் நுளம்பு பெருகாது என்ற நம்பிக்கையும், யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பகுதிகளில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வினால் பொய்யென நிரூபிக்கப்பட்டுள்ளது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ், தமது வளவில் நுளம்பு பெருகாது பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவ்வளவுக்குரியவரையே சாரும். தாங்கிக்குச் சிறு பிள்ளையால் தூக்க முடியாத மூடியும், வழிந்தோடும் குழாயின் வாயில் நுண்வலையும் இருக்க வேண்டும். திறந்த தொட்டியிலும் ஹவுழிலும் மீன் விடும் வழக்கம் நல்லதே. ஆயின், புதுப்பூச்சின் காரம் மீனைக் கொன்றுவிடும் என்பதால் நீரை மூன்று நான்கு தடவைகள் மாற்றிய பின்னரே, முதலில் ஒன்றிரண்டை மட்டும் விட்டுப் பார்க்கலாம்.